தள்ளாமல் நகர்ந்த மூன்று வண்டிகள்

எஞ்சின் கழன்று போய்விட்டது. சரக்குக் கொட்டகையை ஒட்டி மூன்று வேகன்கள் வெயிலில் நின்றன. கடலை மூட்டை ஏற்றிய வேகன்கள். நான் வேப்பமரத்தடியில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகன் சோமு அந்த வேகன்களுக்கு முன்னால், ஐம்பது அறுபது தப்படி தள்ளி, தண்டவாளத்துக்கு நடுவே குனிந்து நின்றான். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நகரும் இரும்பு நாக்கு இருக்கும். அதைப் பாயிண்ட் என்பார்கள். அதற்குள் கல் ஒன்று சிக்கியிருந்தது. அதைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தான். முதுகு வேகன்களின் பக்கம்.

அப்போது சரக்குக் கொட்டகை பின்னால் போவது போல எனக்குத் தோன்றியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கொட்டகை இருந்த இடத்தில்தான் இருந்தது. வேகன்கள் நகர்ந்துகொண்டிருந்தன. எஞ்சின் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை. சத்தமும் இல்லை. கட்டிலில் படுத்திருப்பவன் புரள்வது போல அத்தனை மெதுவாக, மூன்றும் சேர்ந்து, என் பிள்ளையை நோக்கிக் கிளம்பிவிட்டன.

இந்தப் பத்திரிகைத் தொடரில் என் பள்ளிக்கூட நாட்களை எழுதினேன். கல்யாணத்தில் பந்தல் சரிந்ததை எழுதினேன். இந்த மரத்தடிக்கு வரும்போதெல்லாம் வேறு எதையாவது எழுதித் தப்பித்துக்கொண்டேன். இந்த வாரம் அனுப்புவதற்கு வேறு ஒன்றும் கையில் இல்லை.

மேலிருந்து பார்க்கும் வேலை

நான் ரயில்வே என்ஜினியர் ஆபீஸ் ஒன்றில் டிரேசர். என்ஜினியர்கள் பென்சிலால் வரைந்த படத்தின் மேல், கஞ்சியேற்றி மெருகிட்ட மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளை மையால் அப்படியே எடுப்பது என் வேலை. மை பிடிப்பதற்கு முதலில் சாக்கட்டிப் பொடி தூவித் துடைக்க வேண்டும். வேர்வை ஒரு சொட்டு விழுந்தால் போதும், அந்த இடம் கஞ்சி கரைந்து கொப்பளித்துவிடும். கோடைக்காலம் முழுக்க நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலைவலிக்காரர்கள் போல நாங்கள் நான்கு பேர் வரிசையாகக் குனிந்திருப்போம்.

கெட்டுப்போன துணியை எறிய மாட்டோம். வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தால் கஞ்சி போய்ப் பட்டு மாதிரி வெள்ளைத் துணி கிடைக்கும். எங்கள் ஆபீஸ்காரர்கள் வீட்டுக் கைக்குட்டை, குழந்தைச் சட்டை எல்லாம் அதுதான். துவைத்தாலும் மை முழுக்கப் போகாது. சோமு கைக்குழந்தையாக இருந்தபோது அவன் முதுகில் சாம்பல் நிறத்தில் இரண்டு கோடு ஓடும்.

“புள்ள முதுகுலயே ரயிலு விட்டிருக்காரு இவுக அப்பா” என்று என் மனைவி பாக்கியம் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள்.

எங்கள் முன்னோர் மேற்கே சோளமும் பருத்தியும் போட்டவர்கள். நான் படித்து, தல்லாகுளத்துக்குக் குடிவந்து, தினமும் வைகைப் பாலத்தைத் தாண்டி ஆபீசுக்கு நடந்தேன். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஸ்டேஷன்களை மையில் எடுத்திருக்கிறேன். எந்தப் பாதை எங்கே பிரியும், எதில் எத்தனை வண்டி நிற்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவற்றில் பாதி ஊர்களில் நான் இறங்கியதுகூட இல்லை.

கதவின் மேல் ஒரு ஸ்டேஷன்

சோமுவுக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. கணக்கு வராது. ஆனால் பொருள்களை இடம் மாற்றி அடுக்குவதில் அப்படி ஒரு சூட்டிகை. பத்தொன்பது வயதில் பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு மனுப் போட்டான். ஷண்டிங் பற்றி வாய்ப் பரீட்சை வைப்பார்கள். வந்த வேகன்களைக் கழற்றி, முன்னும் பின்னும் தள்ளி, போகவேண்டிய ஊர்களின் வரிசைப்படி மறுபடி கோப்பதுதான் ஷண்டிங்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் எதற்கும் பயப்படுகிறவன். பிள்ளை ஆற்றில் குளிக்கப் போனால் பாலத்தில் நின்று தலையை எண்ணுவேன். பரீட்சையில் தோற்றால் என்ன செய்வான் என்ற பயம் ஒரு பக்கம். தேறிவிட்டால் அந்த இரும்புக்கு நடுவில் எப்படி நிற்பான் என்ற பயம் இன்னொரு பக்கம். வீட்டிலேயே அவனுக்கு ஒரு ஸ்டேஷன் கட்டிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆபீசில் ஓரம் வெளுத்துப்போன நீல நகல் ஒன்று கிடந்தது. திண்டுக்கல் போகிற பாதையில், விளாங்குடிக்கு அப்பால் உள்ள ஒரு சின்ன ஸ்டேஷனின் படம். பெயர் வேண்டாம். அதைச் சட்டைக்குள் சுருட்டி எடுத்து வந்தேன். ஆபீஸ் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டு போவது வேலையே போகக்கூடிய குற்றம். இருபது வருஷத்துக்கு மேலான வேலையில் நான் செய்த முதல் திருட்டு அதுதான்.

இடித்த வீட்டிலிருந்து ஒற்றைக் கதவு ஒன்று வாங்கினோம். அதைக் கூடத்தில் நான்கு செங்கல் அடுக்கின் மேல் படுக்க வைத்தேன். பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கோலிக்குண்டு வைத்துப் பார்த்தேன். எந்த மூலையில் வைத்தாலும் குண்டு ஓடக் கூடாது. ஓடிய பக்கமெல்லாம் செங்கலுக்கு அடியில் அட்டைத் துண்டு செருகினேன். ஒரு நாள் முழுக்க இதே வேலை.

“ஸ்டேசன் கட்டுறீகளா, கோலி ஆடுறீகளா?” என்றாள் பாக்கியம்.

“மட்டம் முக்கியம், பாக்கியம். அடிப்படை தப்பினா எல்லாம் தப்பிரும்.”

இதைச் சொன்னவன் நான்.

தண்டவாளத்துக்குப் பழைய குடைக் கம்பிகள். குடை ரிப்பேர்காரரிடம் ஒரு கட்டு வாங்கினோம். அந்தக் கம்பி நடுவில் பள்ளமாக இருக்கும். கவிழ்த்துப் போட்டால் மேல்புறம் வழவழவென்று தண்டவாளம் போலவே இருக்கும். அடியில் குறுக்குக் கட்டைகளாக மூங்கில் சிம்பு. செருப்புத் தைப்பவர்களின் சின்ன ஆணியை இரண்டு பக்கமும் அடித்துக் கம்பியை இறுக்கினோம். இரண்டு கம்பிக்கும் நடுவே இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்க ஓர் அளவுக் கட்டை செதுக்கினேன். அதை வைத்துப் பார்த்துத்தான் ஒவ்வோர் ஆணியும் இறங்கும்.

சக்கரத்துக்கு நூல்கண்டுக் கட்டை. அதன் விளிம்பு தடித்திருப்பதால் அறுத்தால் ரயில் சக்கரம் போலவே கம்பியைக் கவ்விக்கொண்டு நிற்கும். வேகன்கள் தீப்பெட்டி. எஞ்சின் மூக்குப்பொடி டப்பா. கையால்தான் தள்ள வேண்டும்.

பாயிண்ட் போடுவதுதான் உயிரை வாங்கியது. கம்பியின் நுனியை அரத்தால் ராவிப் பிளேடு மாதிரி ஆக்க வேண்டும். ஒரு ஆணியை அச்சாக வைத்து அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் தீப்பெட்டி குப்புற விழும். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விட்ட சந்தில் சக்கரம் இறங்கி மாட்டிக்கொள்ளும். சந்தைக் குறைத்தால் விளிம்பு இடிக்கும். மூன்று வாரம் ஆனது. முதல் தடவை வண்டி விழாமல் மூன்று பாயிண்டையும் தாண்டியபோது சோமு என்னைக் கட்டிப்பிடித்துவிட்டான். ஐந்தாறு வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்ததே இல்லை.

கடிகாரம்

தீப்பெட்டிகளில் எண் எழுதினோம். நான் ஒரு வரிசை சொல்வேன். அவன் கோக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் கால் மணி நேரம் ஆனது. பிறகு பத்து நிமிஷம். பிறகு அவன் கை எனக்குப் புரியாத வேகத்தில் போயிற்று. கழற்று, எஞ்சினை நகர்த்து, பாயிண்டைத் திருப்பு, வா, கோத்துக்கொள், போ.

ஒரு நாள் நடுவில் நிறுத்தினான்.

“அப்பா, புத்தகத்துல கழட்டுறதுக்கு முன்னாடி கை பிரேக்குப் போடணும், சக்கரத்துக்குக் கட்ட வைக்கணும்னு இருக்கு. இங்க அதுக்கு ஒரு தட்டுத் தட்டிக்கிறட்டா? பழக்கத்துக்கு?”

“தீப்பெட்டிக்கு என்னடா பிரேக்கு? பரீட்சையில கேட்டா வாயால சொல்லிக்க. இப்ப நேரம் போகுது பாரு.”

அவன் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ஐந்து நிமிஷத்துக்குள் முடித்தான். நான் கைதட்டினேன்.

பரீட்சையன்று வெளி வராந்தாவில் நின்று கேட்டேன். “வண்டியைக் கழற்றுமுன் என்ன செய்வாய்?” என்று அதிகாரி கேட்டார். சோமு மூச்சு விடாமல் ஒப்பித்தான். கை பிரேக், கட்டை, எல்லாம் வரிசையாக. அவர் திருப்தியாக ஏதோ எழுதிக்கொண்ட சத்தம்கூட எனக்குக் கேட்டது.

வேலை கிடைத்தது. நாங்கள் பலகையில் போட்ட அதே ஸ்டேஷனில் ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று அறிந்து, நானே ஆபீசில் பெரியவர்களைப் பிடித்து அங்கே போடச் செய்தேன். பழகிய இடம் அல்லவா, பயம் இல்லை என்று நினைத்தேன்.

வேப்பமரத்தடி

அவன் சேர்ந்து ஆறு வாரம் கழித்து ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பாக்கியம் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு பாசஞ்சரில் போய் இறங்கினேன். பிள்ளை வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

அங்கே பெரிய பாயிண்ட்ஸ்மேன் சிக்கந்தர். மதுரையில் காஜிமார் தெருக்காரர். நாற்பது வயது இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கான தொப்பி, வாய் நிறைய வெற்றிலை.

“சோமுவோட அத்தாவா? வாங்க சார், வாங்க. ஒங்க மகன் யார்டுல நடக்கிறதப் பாத்தா பத்து வருசம் வேல பாத்தவன் மாதிரி இருக்கு. எம்புட்டு வேகம்! எங்க படிச்சான்?”

“வீட்டுலதான்” என்றேன். பெருமை தாங்கவில்லை.

அன்று ஒரு சரக்கு ரயில் வந்தது. சோமு மூன்று வேகன்களைக் கொட்டகைப் பாதையில் விட்டான். கொக்கியைக் கழற்றினான். பச்சைக் கொடியை ஆட்டினான். எஞ்சின் விலகிப் போயிற்று. சோமு நேராகப் பாயிண்டை நோக்கி நடந்தான். ஒரு அசைவுகூட வீணாகவில்லை. கூடத்துப் பலகையில் அவன் கை போன அதே வழியில் இப்போது அவன் உடம்பு போகிறது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பார்த்ததில்லை. பிரேக் போடாததை நான் கவனிக்கவில்லை. பலகையில் அவன் போட்டதே இல்லையே.

அப்புறம்தான் கொட்டகை பின்னால் போனது.

நான் எழுந்துவிட்டேன். டிபன் கேரியர் உருண்டு புளிச்சோறு மண்ணில் கொட்டியது. ‘சோமு’ என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

கத்தியவர் சிக்கந்தர். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றவர், கைக்கொரு மரக்கட்டையோடு குறுக்கே ஓடிவந்தார்.

“சோமு! வண்டிடா! வெலகுடா!”

சோமு நிமிர்ந்தான். நிமிர்ந்து, எஞ்சின் போன திசையைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க முடியாது. வண்டி என்றால் எஞ்சின் இருக்கிற பக்கத்திலிருந்துதான் வரும். தள்ளாமல் எதுவும் நகராது. அப்படித்தான் அவன் கண் பழகியிருந்தது. முதுகுக்குப் பின்னால் மூன்று வேகன்கள் இப்போது ஓர் ஆள் நடக்கும் வேகத்தில் வருகின்றன. அவன் எதிர்ப்பக்கம் கண்ணைச் சுருக்கித் தேடிக்கொண்டு நிற்கிறான்.

சிக்கந்தர் முதல் கட்டையை எறிந்தார். சக்கரம் அதைத் துப்பிவிட்டது. இரண்டாவதை எறியவில்லை. தண்டவாளத்தோடு சேர்த்துக் கையாலேயே அழுத்திப் பிடித்தார். சக்கரம் அதன் மேல் ஏறி, முனகி, நின்றது. பின்னால் இருந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அந்தச் சத்தத்தில்தான் சோமு திரும்பினான். அவனுக்கும் முதல் வேகனுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது.

இடது கை

சிக்கந்தர் தண்டவாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டிருந்தார். ரத்தம் முழங்கை வரை வழிந்தது. நான் கைக்குட்டையால் சுற்றினேன். அடுத்த நொடியே அது சிவந்துவிட்டது.

“சார், நீங்க மொதல்ல ஒக்காருங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு” என்றார் அவர்.

சோமு பக்கத்தில் மண்டியிட்டான்.

“என்ன மாப்ள முழிக்கிற? சோறு திங்கிறது வலது கை. அது பத்திரமா இருக்கு.” சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்தார். பிறகு மெல்லிய குரலில், “யா அல்லா. ஏண்டா பிரேக்குப் போடல? இந்த யார்டு மதுரப் பக்கமாச் சரியிறது ஒனக்குத் தெரியாதா? ஒரு மழ பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தாலே போதுமேடா.”

சோமு சேர்ந்த ஆறு வாரத்தில் ஒரு மழைகூடப் பெய்யவில்லை. அது கடும் கோடை. அதுவரை அவன் விட்ட வண்டிகளெல்லாம் எஞ்சினோடோ, பாதை முடிகிற இடத்து முட்டுக்கட்டையை ஒட்டியோ நின்றவை. தனியாக நடுப்பாதையில் விட்டது அன்றுதான்.

“சரியுதா?” என்று கேட்டது என் குரல். அப்போதுதான் அது திரும்பி வந்திருந்தது.

சிக்கந்தருக்கு இரண்டு விரல்கள் போயின.

வெளியே இருந்த பெஞ்சு

விசாரணை வைத்தார்கள். அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் நான் இருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. எழுந்து உள்ளே போய், “தப்பு என்மேல். நான்தான் மட்டமான பலகையில் சொல்லிக்கொடுத்தேன். பிரேக் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்” என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் வாக்கியத்தைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி, எந்தப் படத்தைப் பார்த்துப் பலகை செய்தாய் என்பதாக இருக்கும். படம் எப்படி வீட்டுக்கு வந்தது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

உள்ளே சோமுவின் குரல் கேட்டது.

“மறந்துட்டேன் சார்.”

“விதி தெரியாதா?”

“தெரியும் சார். மறந்துட்டேன்.”

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

ஒரு மாதம் சஸ்பெண்ட், சம்பள உயர்வு ரத்து என்று தீர்ப்பாயிற்று. சிக்கந்தரை வேறு ஊரில் கேட் காக்கும் வேலைக்கு மாற்றினார்கள். திரும்ப வேலைக்குப் போகிற அன்று காலை பாக்கியம் சோமுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த எழவு வேல வேணாம்யா. ஒரு கடையப் போட்டு ஒக்காரு.”

“அம்மா, சிக்கந்தர் அண்ணன் வெரலக் குடுத்தது நான் கடை போடவா?” என்றான். அவள் கையை எடுத்துவிட்டாள். எனக்குப் பேச உரிமை இல்லை.

பழைய தாள்

இதோடு முடிந்திருந்தால் நான் ஒருவேளை தூங்கிப் பழகியிருப்பேன்.

மழைக்காலம் முடிந்த சமயம். அந்த ஸ்டேஷனில் இன்னொரு பாதை போடப் போகிறார்கள், பழைய படங்களுக்குப் புது நகல் வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுருள்கள் வைக்கும் அலமாரியிலிருந்து அந்த ஊரின் சுருளை எடுத்துப் பிரித்தேன். மேலிருந்து பார்க்கிற படம் வந்தது. அதற்கடியில் இன்னொரு தாள் இருந்தது. பாதையைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று காட்டுகிற தாள்.

கொட்டகைப் பாதையின் கீழே ஒரு கோடு சாய்ந்து போயிற்று. அதன் மேல் மதுரையை நோக்கி ஓர் அம்புக்குறி. பக்கத்தில், நூற்றிருபது அடிக்கு ஓர் அடி இறக்கம் என்று எழுதியிருந்தது. எழுத்து மணிமணியாக இருந்தது. வலது மூலையில், மையில் எடுத்தவர் என்ற இடத்தில் இருந்தவை என் பெயரின் முதல் எழுத்துகள்.

நான் எழுதியது. சோமு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், இதே மேசையில், இதே விளக்கடியில் உட்கார்ந்து, அந்த அம்பை நான் வரைந்திருக்கிறேன். சாக்கட்டிப் பொடி தூவி, வேர்வை விழாமல், ஒவ்வோர் எண்ணையும் செதுக்கியிருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று மட்டும் ஒரு நாளும் வாசிக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரர் வந்து, “அண்ணே, மயக்கமா வருதா?” என்று தண்ணீர் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துச் சோமு ரயில் பாஸ் வாங்க ஆபீசுக்கு வந்தான். அவனை மேசைக்கு அழைத்து அந்தத் தாளை விரித்துக் காட்டினேன். விரலால் முதலில் அம்பைக் காட்டினேன். பிறகு மூலையைக் காட்டினேன்.

அவன் குனிந்து பார்த்தான். ஒரு விரலை மை மேல் படாமல் அந்தச் சரிவோடு கொண்டுபோனான்.

“எழுத்து ரொம்ப அழகா இருக்குப்பா” என்றான்.

அதில் குத்தல் இருந்ததா என்று அவன் முகத்தைத் தேடினேன். இல்லை. உண்மையாகவே சொன்னான். இதை எழுதும் இன்றுவரை அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“மூணு மணி வண்டிக்கு டூட்டி. வாரேன்ப்பா” என்று சொல்லிப் பாஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

அந்தத் தாளின் புது நகல் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்கள். துணியை விரித்து எடுத்தேன். கோடுகள் சரியாகத்தான் வந்தன. நூற்றிருபது என்று எழுதப் போகையில் கை ஆடி மை பரவிவிட்டது. அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறு துணி விரித்தேன். அதே இடத்தில் மறுபடி பரவியது. மூன்றாவது துணியில், இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டு வாசித்து வாசித்து எழுதி முடித்தேன்.